இரண்டு சுப்பையாவும் ஒரு காயமும்

அடுத்தவர் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு பக்கத்துக்குள் மனுவாக டைப் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். வாழ்ந்தவர் விட்ட தப்பையும், எழுதிய ஆபீசர் விட்ட தப்பையும், "அடிச்ச பொம்பளை விட்ட தப்பு" என்று தலையில் வாங்கிக்கொள்வதும் அதே தொழிலில் சேர்த்திதான்.

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று பயமாக இருக்கிறது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ், ஆன்லைன் கடையில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பேரை அடித்தால் மூன்று தடவை படித்துப் பார்ப்பேன். பிரிண்ட் எடுத்து இன்னொரு தடவை. வீட்டுக்குப் போன பிறகும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். உங்களில் யாராவது இப்படிக் கடையில் உட்காருகிறவராக இருந்தால் இது புரியும். மற்றவர்கள், நான் எங்கேயாவது முன்பின்னாகச் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வார்த்தை மாறினால் ஒரு மனிதர் ஓடிப்போனவர் ஆகிவிடுவார்.

நம்பர் மறக்காதவர்கள்

எங்கள் கடைக்குப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் நிறைய வருவார்கள். இந்தப் பக்கம் மழையை நம்பி விவசாயம் பார்த்த வீடுகளில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் ஒருத்தர் பட்டாளத்துக்குப் போயிருப்பார். பென்சனுக்கு உயிர்ச்சான்று, மனைவி பேர் சேர்ப்பது, பிறந்த தேதி திருத்துவது என்று வந்துகொண்டே இருப்பார்கள். கடை முதலாளி சேகர் அண்ணன் கவுண்டரைப் பார்த்துக்கொள்வார். மனு எழுதுவதும் அடிப்பதும் என் வேலை.

இவர்களுக்கு எது மறந்தாலும் பட்டாளத்து நம்பர் மறக்காது. ஒருநாள் ஒரு பெரியவரிடம், "ஐயா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க" என்றேன். விறைப்பாக எழுந்து நின்று பட்டாளத்து நம்பரைச் சொன்னார். "அது இல்லைங்கய்யா, இப்ப வந்தது" என்றேன். மறுபடியும் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இது ஒண்ணுதான் தாயி நான் மனப்பாடம் பண்ணுனது. மத்ததையெல்லாம் வீட்ல அவ பண்ணிக்கிருவா."

ஒரு தாத்தா, இரண்டு பேரன்

பெரிய சுப்பையா ஐயா முதன்முதலில் வந்தபோது அவருடைய மகள் வள்ளிக்கண்ணுதான் மொபெட்டில் வைத்துக் கூட்டி வந்தாள். ஒக்கூர்ப் பக்கத்துக் கிராமம். ஆள் எழுபது கடந்தவர், இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். டிஸ்சார்ஜ் புத்தகத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்தார். அதில் ஒரு இடத்தில் சிவப்பு மையில் ஓர் ஆங்கில வரி. எழுபத்தொன்றாம் வருடப் போர் நடந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் படையை விட்டுப் போயிருந்தார், தண்டனை பெற்றார் என்று அர்த்தம். சேகர் அண்ணன் எனக்கு மெதுவாகப் படித்துச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் பெரியவர் காதில் விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பார்கள். தாத்தாவுக்கு இரண்டு மகன் என்றால் இரண்டு வீட்டிலும் மூத்த பேரனுக்கு அதே பேர்தான். அப்படி அந்த வீட்டில் இரண்டு சுப்பையா. ஆறு மாதம் மூத்தவர் பெரிய சுப்பையா, அடுத்தவர் சின்னச் சுப்பையா. ஊரில் அப்படிக் கூப்பிட்டால் போதும். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் வரிசையில் நின்று, ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே லாரி கம்பெனிக்கு டிரைவராகப் போனார்கள். கம்பெனி என்றால் படையில் ஒரு பிரிவு. பட்டாளத்துக்குப் பெரியது சின்னது தெரியுமா? நம்பரின் கடைசி இரண்டு எண்ணைச் சேர்த்து, சுப்பையா அறுபது, சுப்பையா அறுபத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.

போரில் குண்டுச் சில்லு தொடையில் பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் பெரியவர். ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறியது சின்னவர் நம்பர். அதனால் காயம் பட்டவர் சின்னவர், காணாமல் போனவர் பெரியவர் என்று ஆகிவிட்டது. "என்ன மாதிரி எழுதணும்யா?" என்று கேட்டேன். பென்சனைக் கூட்டிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தச் சிவப்பு வரியில் விரலை வைத்தார்: "நான் ஓடலை தாயி, படுத்துக் கெடந்தேன். அதை மட்டும் எழுதிக் குடு."

சமையல்காரர் சொன்ன எண்

மனு எழுத வேண்டுமென்றால் நடந்ததை முதலிலிருந்து கேட்க வேண்டும். பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பேரும் வேறு வேறு லாரியில் குண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போயிருக்கிறார்கள். பீரங்கி ஷெல் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்கு நினைவில்லை. அவரைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் போட்டவர் கம்பெனிச் சமையல்காரர். பேர் என்ன, நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சின்னவர் சாப்பாட்டுப் பிரியர். சமையல்காரரோடு எப்போதும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர். அந்த மனிதருக்கு சுப்பையா என்றால் அறுபத்தொன்றுதான் வாயில் வந்திருக்கிறது. ரத்தத்தில் நனைந்த முகத்தில் அவர் எங்கே வித்தியாசம் பார்ப்பார்? அவரும் பாவம், ஆளைக் காப்பாற்றத்தானே தூக்கினார்.

காயம் ஆறிக் கம்பெனிக்குத் திரும்பி வந்தபோது பெரியவருக்குக் காத்திருந்தது விசாரணை. "ஆஸ்பத்திரியில் இருந்தேன்" என்றார். "அது அறுபத்தொன்று. அவன் எப்போதோ வந்துவிட்டான்" என்றார்கள். சின்னவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவருக்கு இந்தி அரைகுறை, ஆங்கிலம் சுத்தமாக வராது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்த நம்பர் இருந்தது என்று அதுவரை அவர் பார்த்ததும் இல்லை.

"காயத்தைக் காட்ட வேண்டியதுதானேய்யா?" என்று கேட்டேன். எனக்கே ஆத்திரமாக வந்தது. பெரியவர் சிரித்தார்: "காட்டுனேன் தாயி. ஓடுறப்ப எங்குட்டாச்சும் விழுந்திருப்பேன்னுட்டாரு ஆபீசரு."

நீர்மாலை

இத்தனை வருடம் சும்மா இருந்தவர் இப்போது எதற்காக வந்தார் என்று நீங்களும் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வள்ளிக்கண்ணுதான் சொன்னாள். தண்டனைக்குப் பிறகும் அவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள்; முழுக்கச் சேவை முடித்துத்தான் வந்தார். ஆனால் செய்தி அவருக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் பேசமாட்டார்கள். சண்டை வந்தால் மட்டும் "ஓடிப்போன பட்டாளத்தான்" என்று வாயில் வரும். பள்ளிக்கூடத்தில் வள்ளிக்கண்ணு ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது, "அப்பன் புத்தி" என்று ஒருத்தன் சொன்னானாம். அதோடு அவள் ஓடுவதை விட்டுவிட்டாள். இரண்டு சுப்பையா வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு வீட்டில் இன்னொரு வீட்டார் கை நனைத்தது கிடையாது.

ஆனாலும் பங்காளி பங்காளிதான். சின்னவர் இறந்தபோது பெரியவர் போய்த்தான் ஆகவேண்டும். பங்காளிகள் ஊருணிக்குப் போய்க் குடத்தில் நீர் எடுத்து வந்து உடம்பைக் குளிப்பாட்டுவதை நீர்மாலை என்போம். பெரியவரும் ஒரு குடம் எடுத்து வந்தார். வேட்டியை விலக்கித் தண்ணீர் ஊற்றினார்கள். சின்னவர் தொடை இரண்டும் வழுவழுவென்று இருந்தன. பங்காளிகள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் கொடியும் மலர் வளையமும் கொண்டுவந்தார்கள். தெருவே கேட்க மைக்கில் படித்தார்கள். போர்முனையில் தொடையில் குண்டுச் சில்லு பாய்ந்தும் உயிர் தப்பி வந்த வீரர் என்று படித்தார்கள். பெரியவர் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கருமாதி முடிந்த மறுவாரம் எங்கள் கடைக்கு வந்துவிட்டார். "நீங்க அங்கயே எந்திரிச்சுச் சொல்லலையாய்யா?" என்றேன். "எழவு வீட்லயா?" என்றுவிட்டுச் சொன்னார்: "என் தொடையில இருக்கிறதை அவன் பேருல படிச்சாக. எல்லாரும் கும்பிட்டாக. நானும் கும்பிட்டேன்."

குளிப்பாட்டிய கைகள்

கடை விலாசம் போட்டு மனு போனது. பதில் வர நாளாகும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவருக்கு அப்போதே சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்தில் பாதி ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவை தபால்காரர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதும் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். கடைசியில் பதில் வந்தது. மனுதாரர் உடம்பில் தழும்பு இருக்கிறது என்ற டாக்டர் சான்று மட்டும் போதாது. பதிவில் காயம் பட்டவராக உள்ள மற்றவருக்குக் காயம் இல்லை என்பதற்கு நேரில் அறிந்தவர்களின் சத்தியப் பிரமாணம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். நீர்மாலை எடுத்த பங்காளிகள் அத்தனை பேரும் பார்த்தவர்கள்தானே, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். சேகர் அண்ணன் பிரமாணப் பத்திரத்தை அடிக்கச் சொல்லிவிட்டு, அவர்களில் மூத்தவருக்குப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் மூத்தவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்கள் வழக்கத்தில் செத்த உடம்பில் கண்டதைத் தெருவில் சொல்லக்கூடாதாம். "பெரியவன் ஓடலைன்னு எங்களுக்குத் தெரியும்ப்பா, எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். தெரிந்தால் எழுதிக் கொடுங்கள் என்று சேகர் அண்ணன் கெஞ்சினார். அதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "குளிப்பாட்டுன கையால எப்படித் தம்பி சாட்சிக் கையெழுத்துப் போடுறது?"

ஒரே ஒரு ஆமா

மிச்சம் இருந்தது சின்னவர் மனைவி மீனாள் மட்டும்தான். அந்தப் பெரியம்மா சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவரிடம் யார் போவது? பெரியவர் போகமாட்டார். வள்ளிக்கண்ணு போனால் சண்டை என்பார்கள். சேகர் அண்ணன் என்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். வழி முழுக்க, என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

போய் உட்கார்ந்ததும் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மீனாள் பெரியம்மாவே ஆரம்பித்துவிட்டார். "பெரிய வீட்டுக்காரவுக அனுப்புனாகளா?" என்றார். கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்ற பிறகுதான் அவருக்கே தெரியுமாம். அன்றைக்கு ஷெல் விழுந்ததும் சின்னவர் லாரியை விட்டு இறங்கி ஓடியிருக்கிறார். சத்தம் ஓயும்வரை ஏதோ ஒரு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குள் கிடந்திருக்கிறார். சுட்டுவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டே கம்பெனிக்குத் திரும்பினால், அங்கே இருந்த கிளார்க், "என்னப்பா, ஆஸ்பத்திரியில விட்டுட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமா என்றுவிட்டார். "ஒரே ஒரு ஆமாதான் தாயி. அதுக்குப் பெறகு அவுக ஒருநாளும் நல்லாத் தூங்குனதில்லை" என்றார் பெரியம்மா. காயத்துக்குக் கொடுத்த பதக்கத்தை வாங்கி வந்தவர் அதைச் சட்டையில் குத்தியதே இல்லையாம். அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாராம்.

பத்திரத்தை எடுத்து நீட்டினேன். "இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு வர்ற பென்சன் நிக்குமா?" என்று கேட்டார். நான் சேகர் அண்ணனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். நிற்காது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியலை பெரியம்மா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காபி கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். வண்டியில் ஏறும்போது சொன்னார்: "அவுக செத்து ஒரு வருசம் திரும்பட்டும் தாயி. பென்சனுக்காக மட்டுமில்லை. அவுகளே சொல்லாததை நான் சொன்னா, கட்டுன புருசனைக் காட்டிக்குடுத்தவன்னு ஆயிரும்ல?"

ஓட நேரமில்லாதவர்

பெரியவர் சந்தை நாளில் தவறாமல் கடைக்கு வந்துவிடுவார். மனு என்ன ஆச்சு என்று கேட்கமாட்டார். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது. மீனாள் பெரியம்மா சொன்னதை அவரிடம் சொல்லலாமா கூடாதா என்று தவித்துவிட்டு, ஒருநாள் சொல்லிவிட்டேன். சின்னவர் எங்கே ஒளிந்திருந்தார் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தூசி பறக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம், "மனுவுல அவன் ஓடுனான்னு எழுதியிருக்கியா?" என்று கேட்டார். "அப்படி எழுதலைங்கய்யா. ஆனா உங்களுக்குக் காயம்னு சொன்னா அவுகளுக்கு இல்லைன்னு ஆகும்ல" என்றேன். சேகர் அண்ணன் கவுண்டரில் இருந்தபடியே, "ஒருத்தரை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழுப்பினாத்தான்யா இன்னொருத்தரைப் படுக்க வைக்க முடியும். கட்டில் ஒண்ணுதான்" என்றார். பெரியவர் அதையும் கேட்டுக்கொண்டார்.

எனக்கு ஆறவில்லை. "அவுக ஓடிப்போயிட்டு உங்களை மாட்டிவிட்டுட்டாகளே, உங்களுக்குக் கோவமே இல்லையா?" என்று கேட்டேன். இருக்கிறது, இல்லாமல் எப்படி இருக்கும் என்றார். விசாரணையில் தன் கண் முன்னாலேயே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கோபம், ஊருக்கு வந்த பிறகாவது சொல்லாததற்குக் கோபம். ஆனால் ஓடியதற்குக் கோபம் இல்லையாம். காலை நீட்டித் தொடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவன் பயந்தான். நான் பயப்படலைன்னு உனக்கு யாரு சொன்னது? எனக்கு ஓட நேரம் கிடைக்கலை தாயி, அம்புட்டுத்தான்."

மைக் இல்லாத பேச்சு

சின்னவருக்கு வருசம் திரும்பவில்லை. அதற்குள் பெரியவர் போய்விட்டார். காலையில் வள்ளிக்கண்ணு போன் செய்தாள். ஃபைலையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். சங்கத்துக்காரர்கள் கேட்பார்களாம்.

ஐஸ் பெட்டிக்குள் அவரைப் பார்த்தபோது சின்ன உடம்பாகத் தெரிந்தார். சங்கத் தலைவர் நல்ல மனிதர்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினார். சிவப்பு வரியில் வந்து நின்றார். "மனு நடப்புல இருக்குதுங்க சார்" என்றேன். "உத்தரவு வரலையேம்மா" என்றார். அவர் மேலும் தப்பில்லை. தாளில் இருப்பதைத்தான் அவர் படிக்க முடியும். சேர்ந்த வருடம், ஓய்வு பெற்ற வருடம் இரண்டை மட்டும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு மைக் முன்னால் போனார். படித்து முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. சின்னவருக்கு அவ்வளவு நேரம் படிக்கக் கேட்ட தெரு, இவ்வளவுதானா என்பது போல நின்றது. வள்ளிக்கண்ணு பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெண்கள் கூட்டத்திலிருந்து மீனாள் பெரியம்மா எழுந்தார். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்கு அவர் வந்ததையே பாதிப்பேர் கவனிக்கவில்லை. மைக்குக்குப் போகவில்லை. இருந்த இடத்தில் நின்று தலைவரைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரவுகளுக்குப் படிச்சீகல்ல, அதை இவுகளுக்குப் படிங்க. அது இவுகளோடது" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். பங்காளிகள் வரிசையில் மூத்தவர் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "படிங்க சார்" என்றார். தலைவரிடம் அந்தத் தாள் இல்லை. நினைவில் இருந்ததைச் சொன்னார். போர்முனையில், தொடையில் குண்டுச் சில்லு பாய்ந்தும் என்று அவர் தடுமாறிச் சொல்லச் சொல்ல, கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. அப்புறம் பங்காளிகள் நீர்மாலைக்குக் குடத்தை எடுத்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லபடியாக முடிந்துவிட்டதே என்றுதான் அழுதேன். ஆனால் வள்ளிக்கண்ணு தலையை நிமிர்த்தி மீனாள் பெரியம்மாவைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, கேட்டாள், அவ்வளவுதான்: "போன வாரம் வந்து சொல்லியிருந்தா எங்கப்பா காதுல விழுந்திருக்கும்ல சின்னாத்தா?"

பதில்

கருமாதி முடிந்ததும் மீனாள் பெரியம்மா தானே பஸ் ஏறிக் கடைக்கு வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். நோட்டரியிடம் கூட்டிப்போய், சீல் வாங்கி, பதிவுத் தபாலில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வந்த பதில் சின்னது. மனுதாரர் இறந்துவிட்டபடியால் இந்த மனுவின் மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று கோப்பு முடிக்கப்பட்டது. மனைவி உயிரோடு இருந்தால் அவர் புதிதாகக் கேட்கலாம். பெரியவர் மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமான மகளுக்கு அதில் இடமில்லை என்று சேகர் அண்ணன் நாலு பேரிடம் விசாரித்துச் சொன்னார். சிவப்பு வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மீனாள் பெரியம்மாவுக்குப் பென்சன் நிற்கவில்லை. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வருடம் உயிர்ச்சான்று கொடுக்க வந்தவர், மெஷினில் விரலை வைத்துவிட்டு எழுந்திருக்காமல் பெரியவரின் ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "இப்ப நிம்மதிதானே பெரியம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவர் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எதுக்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை தாயி. அன்னைக்கே போட்டிருக்கலாம்."

எங்கள் வீட்டில்

இதற்கெல்லாம் பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மூத்த மகன் வீட்டுப் பேரனுக்கு என் வீட்டுக்காரர் பேரைத்தான் வைத்திருக்கிறோம். இளைய மகனுக்கும் ஆண் பிள்ளை பிறந்தது. அவனுக்கும் அதே பேர்தான் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். "என் பேரு ரெண்டு வீட்லயும் வெளங்கட்டுமே, உனக்கென்ன?" என்றார். நான் சாப்பாட்டை விட்டேன், பேச்சை விட்டேன், இரண்டு சுப்பையா கதையையும் அழுதுகொண்டே சொன்னேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். எங்கள் வம்சத்தில், மருமகள் வம்சத்தில், அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கும் இல்லாத பேராகத் தேடிப் பிடித்து வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டேன். போன மாதம் பால்வாடியில் கொண்டுபோய் விட்டால், டீச்சர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எங்கள் பிள்ளையோடு சேர்ந்து இன்னும் மூன்று பிள்ளைகள் எழுந்து நிற்கின்றன.